எஞ்சின் கெட்டால் குடும்பம் கெட வேண்டுமா?

(ஒரகடம் வட்டாரத்தில் வேன் ஓட்டுநர்கள், பட்டறைத் தொழிலாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள், விவசாயத் தொழிலாளர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்றைய கூட்டம் கார் எஞ்சின் வேலைக்கு ஆகும் செலவைப் பற்றியது என்று கேள்விப்பட்டதும், "கார் வைத்திருப்பவன் பாடு கார் வைத்திருப்பவனுக்கு, கூலிக்காரனுக்கு இதில் என்ன?" என்று சில தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

யாருடைய காரைப் பற்றிப் பேசுகிறோம்? முதலாளியின் காரைப் பற்றி நமக்குக் கவலையில்லை. அவருடைய கார் கெடுவதற்கு முன்பே புதுக் கார் வாசலில் வந்து நிற்கும். நாம் பேசுவது, விடியற்காலை நாலு மணிக்கு வாலாஜாபாத் பக்கமும் உத்திரமேரூர் பக்கமும் கிராமம் கிராமமாகப் போய், முதல் ஷிப்ட் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஆலை வாசலில் இறக்குகிறதே, அந்த வேனைப் பற்றி. நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு, உழுவதற்கு வயலில்லாமல், தவணைக் கடனில் பழைய டீசல் காரை வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறானே நம் வீட்டுப் பிள்ளை, அவனுடைய காரைப் பற்றி. அந்த எஞ்சின் நின்றால் அவன் அடுப்பு நிற்கிறது. அவனை நம்பி ஷிப்டுக்குப் போகும் பத்துப் பேரின் அரை நாள் கூலியும் போகிறது. ஆகவே இது கூலிக்காரன் பிரச்னைதான்.

எஞ்சின் செய்யும் ஊரில் எஞ்சின் வேலைக்கு வழியில்லை

நாம் கூடியிருக்கும் இடம் எது? 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவருகின்றன. 2010ல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை திறக்கப்பட்டது. 2012ல் இதே ஒரகடத்தில் டைம்லர் கம்பெனி பாரத்பென்ஸ் லாரி ஆலையைத் திறந்தது. 2013ல் ராயல் என்ஃபீல்டு வந்தது. பிறகு வல்லம் வடகாலிலும் தொழிற்பேட்டை எழுந்தது. இரும்பை உருக்குவதும், கடைவதும், பிஸ்டனைப் பொருத்துவதும், போல்ட்டை முறுக்குவதும் இந்த வட்டாரத்தின் தினசரி வேலை.

அப்படிப்பட்ட ஊரில், ஓடித் தேய்ந்த ஓர் எஞ்சினைப் பிரித்துச் சரி செய்ய ஓட்டுநர் தோழர் படும் பாடு என்ன? பட்டறைக்கும் லேத்துக்கும் உதிரிப் பாகக் கடைக்கும் வட்டிக்கடைக்கும் வாரக்கணக்கில் அலைகிறார். கடைசியில் சென்னை புதுப்பேட்டைக்குப் போய், உடைத்த வண்டியின் பழைய எஞ்சினைத் தேடுகிறார். அது எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

ஏன் இந்த நிலை? எஞ்சின் வேலை என்றால் என்ன என்று பார்த்தால்தான் இது விளங்கும். பட்டறைத் தோழர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது?

வண்டி சாதாரண வேகத்தில் போகும்போது எஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு முறை மேலே போய் ஒரு முறை கீழே வருகிறது. அதாவது நிமிஷத்துக்கு 4,000 ஓட்டம். இடையில் இருப்பது மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான். அந்தப் படலம் இருக்கும் வரை எஞ்சின் இருக்கும். ஆயில் குறைந்தாலும், கருத்துக் கெட்டாலும், தண்ணீர் வற்றிச் சூடேறினாலும், இரும்பு இரும்பைத் தின்ன ஆரம்பிக்கிறது.

எஞ்சின் நம்மிடம் முன்கூட்டியே முறையிடத்தான் செய்கிறது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை வந்தால் எரிபொருள் சரியாக எரியவில்லை. சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. ஆயில் பால் கலந்த காப்பி நிறமானால் ஹெட் கேஸ்கட் போய்விட்டது அல்லது ஹெட்டில் விரிசல் விட்டது என்று சந்தேகிக்க வேண்டும். ஆனால் தவணை நெருக்குகிறபோது, "இன்னும் ஒரு டிரிப், இன்னும் ஒரு டிரிப்" என்று ஓட்டச் சொல்கிறது வயிறு. ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்கும் வேலை ஆயிரக்கணக்கில் போய் நிற்கிறது. ஓட்டுநரின் அலட்சியம் என்று இதைச் சொல்வது சுலபம். அலட்சியம் அவனுடையதா, அவனை ஒரு நாள் நிற்கவிடாத கடனுடையதா என்று கேட்கிறேன்.

எஞ்சினை இறக்கிப் பிரித்த பிறகுதான் உண்மைச் செலவு தெரியும். சிலிண்டர் எவ்வளவு தேய்ந்தது என்று மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை அளக்க வேண்டும். அளவு மீறியிருந்தால் லேத் பட்டறையில் போர் செய்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனும் ரிங்கும் போட வேண்டும். லைனர் உள்ள எஞ்சினானால் லைனர் மாற்ற வேண்டும். கிராங்க்கைக் கடைந்து அதற்கேற்ற பேரிங் போட வேண்டும். ஹெட் வளைந்திருந்தால் சமப்படுத்த வேண்டும்; வால்வுகளைத் தேய்த்து உட்கார வைக்க வேண்டும். ஆயில் பம்ப், கேஸ்கட் செட், டைமிங் செயின் அல்லது பெல்ட் எல்லாம் பார்க்க வேண்டும். பல புதிய எஞ்சின்களில் ஹெட் போல்ட்டுகளை ஒரு முறைதான் முறுக்கலாம். கழற்றினால் புதிது வாங்கியாக வேண்டும். அவற்றையும் கம்பெனி சொல்லும் வரிசையில், சொல்லும் அளவுக்கு, டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்க வேண்டும். ஒன்றில் பிசகினாலும் செய்த வேலை வீண்.

இது கை வேலை, கண் வேலை, அனுபவ வேலை. ஆலையில் ஆளுக்கொரு வேலையாகப் பிரித்து, இயந்திரம் வைத்து, வரிசையாகத் தள்ளுகிறார்கள். பட்டறையில் ஒரே மெக்கானிக் எல்லாவற்றையும் அளந்து, கழுவி, பொருத்த வேண்டும். அதனால் நாள் ஆகும். அவருக்குரிய கூலியையும் கொடுத்தாக வேண்டும். மெக்கானிக்கின் கூலியை யாரும் குறை சொல்ல வேண்டாம். பில்லை வீங்க வைப்பது கூலியா, வேறு ஏதாவதா என்று பாருங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஓர் ஓட்டுநரின் பில் வரியோடு 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இதைவிடக் குறைவாகவும் முடியலாம். கம்பெனி சர்வீசில் லட்சத்தைத் தாண்டுவதும் சாதாரணம். வண்டி 15 நாள் பட்டறையில் நிற்கிறது. டீசல் போக நாளைக்கு 1,000 ரூபாய் கையில் நிற்பவர் என்றால் 15,000 ரூபாய் வருமானம் போச்சு. அந்த 1,000 ரூபாயில்தான் தவணையும் கட்ட வேண்டும், அரிசியும் வாங்க வேண்டும். எஞ்சின் நின்றது என்பதற்காக பைனான்ஸ் கம்பெனி தவணையை நிறுத்துவதில்லை.

80,000 ரூபாய் அவர் கையில் ஏது? மூன்று வட்டிக்கு வாங்குகிறார். மாதம் 2,400 ரூபாய் வட்டி. அசலைத் தொட முடியாமல் ஒரு வருஷம் வட்டி மட்டும் கட்டினால் 28,800 ரூபாய். ஆக 80,000, 15,000, 28,800 மூன்றையும் கூட்டினால் 1,23,800 ரூபாய். இதில் 80,000 ரூபாய் அசல் கடன் இன்னும் தலைமேல் அப்படியே நிற்கிறது!

சர்க்காரின் பங்கு என்ன? 2025 செப்டம்பர் 21ந் தேதி வரை பல மோட்டார் உதிரிப் பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. நூற்றுக்கு 28. சொகுசுப் பொருளோடு பிஸ்டன் ரிங்கையும் சேர்த்து வைத்திருந்தார்கள்! இப்போது நூற்றுக்கு 18 ஆக்கியிருக்கிறார்கள். இந்தக் குறைப்பை வரவேற்கிறோம். ஆனால் 80,000 ரூபாய் பில்லில் இன்றும் சுமார் 12,200 ரூபாய் வரி. அதே நாளில் டிராக்டர் பாகங்களுக்கு வரியை நூற்றுக்கு 5 ஆகக் குறைத்தார்களே, பிழைப்புக்கு ஓட்டும் வண்டிக்கு ஏன் அதைச் செய்யக்கூடாது?

கொள்ளை எங்கே நடக்கிறது?

வரியைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு காரை உதிரி உதிரியாகக் கடையில் வாங்கிக் கோர்த்தால், ஷோரூம் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். அதே ஆலைகளில், அதே தொழிலாளர்கள் செய்த பாகங்கள்தான். ஆனால் வண்டியாக வரும்போது ஒரு விலை. நமது வண்டி கெட்டு, வேறு வழியில்லாமல் வாங்கப் போகும்போது ஒரு விலை. ஏகபோகம் என்பதன் அர்த்தம் இதுதான்.

இதைக் கம்யூனிஸ்டுகள் மட்டும் சொல்வதாக நினைக்க வேண்டாம். இந்தியப் போட்டி ஆணையம் என்ற சர்க்கார் அமைப்பே சொன்னது. 2011ல் ஒருவர் கொடுத்த புகாரை அந்த ஆணையம் விசாரித்து, 2014 ஆகஸ்ட் 25ந் தேதி தீர்ப்பளித்தது. 14 கார் கம்பெனிகள் குற்றவாளிகள் என்று சொல்லி, மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மாருதி, டாட்டா, மகிந்திரா, ஃபோர்டு, நிஸான், டொயோட்டா, ஹோண்டா என்று பெரிய பெயர்கள் எல்லாம் அதில் உண்டு. 2015ல் தனித் தீர்ப்பில் ஹூண்டாய்க்குச் சுமார் 420 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

குற்றம் என்ன? அசல் உதிரிப் பாகங்களை வெளிப் பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் தாராளமாகக் கிடைக்கவிடாமல் தடுத்தார்கள். பழுது பார்க்கும் விவரப் புத்தகத்தையும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவியையும் பூட்டி வைத்தார்கள். வெளியே பழுது பார்த்தால் வாரண்டி ரத்து என்று பயமுறுத்தினார்கள். பாகங்களின் விலையைச் சராசரி நூற்றுக்கு 100ல் தொடங்கி, சிலவற்றில் நூற்றுக்கு 5,000 வரை ஏற்றி விற்றார்கள் என்று ஆணையமே சொன்னது. ஒரு ரூபாய்ப் பண்டத்தை ஐம்பது ரூபாய்க்கு மேல் விற்பதற்கு நம் ஊரில் என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும்!

தீர்ப்பு வந்தது, கம்பெனிகள் சும்மா இருந்தனவா? கோர்ட்டுகளுக்குப் போனார்கள். 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஃபோர்டு, நிஸான், டொயோட்டா கம்பெனிகள் செய்தது தவறுதான் என்று உறுதி செய்தது. ஆனால் அபராதத்தைக் குறைத்துவிட்டது. 2022ல் மத்திய சர்க்கார் "பழுது பார்க்கும் உரிமை" பற்றி ஒரு கமிட்டி போட்டது. விவசாயக் கருவிகள், கைபேசிகள், வீட்டு மின் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் என்று நான்கு துறைகளைக் குறித்தது. அதே ஆண்டு டிசம்பரில் இணையத்தில் ஒரு தளமும் திறந்தது. தளம் திறந்தால் போதுமா? மெக்கானிக்கின் கையில் கருவி வந்து சேர வேண்டாமா?

இன்றைய டீசல் எஞ்சினில் இன்ஜெக்டர் மாற்றினால், பல வண்டிகளில் அதன் எண்ணைக் கம்பெனி ஸ்கேனர் கொண்டு எஞ்சின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். ஸ்கேனர் இல்லாத மெக்கானிக், இருபது வருஷ அனுபவம் இருந்தும், கம்பெனி வாசலில் போய்க் காத்து நிற்க வேண்டியிருக்கிறது. அம்பாசிடர் காரைத் தமிழ்நாட்டில் எந்தச் சிறு ஊரிலும் பழுது பார்த்தார்களே, அந்தத் திறமை செத்துப்போகவில்லை. அதற்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள்.

ஆலை மூடினால் வண்டி என்ன ஆகும்?

2017ல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்தியது. எத்தனை தவேரா வண்டிகள் நம் ஊர்ச் சாலைகளில் வாடகைக்கு ஓடின! 2021 செப்டம்பர் 9ந் தேதி ஃபோர்டு, உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022ல் மறைமலைநகர் ஆலையில் கார் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். நியாயமான நஷ்ட ஈட்டுக்காகப் போராட வேண்டியிருந்தது. அதே 2022ல் ஒரகடத்தில் தயாரான டாட்சன் கார் நிறுத்தப்பட்டது. 2025ல் நிஸான், ஒரகடம் ஆலையில் தனக்கிருந்த பங்கை ரெனோவுக்கு விற்றது. அதே ஆண்டு அக்டோபரில் ஃபோர்டு, மறைமலைநகரில் மீண்டும் எஞ்சின் உற்பத்தி செய்யப் போவதாகவும், 2029ல் அது தொடங்கும் என்றும் அறிவித்தது.

மூலதனம் வரும், போகும், திரும்பியும் வரும். அதற்குக் கப்பலும் விமானமும் உண்டு. ஆனால் விற்ற கார் இங்கேதான் ஓட வேண்டும். தனியார் காரின் பதிவு 15 வருஷத்துக்குச் செல்லும் என்கிறது சட்டம். அந்த 15 வருஷமும் பாகம் கிடைக்கும், நியாய விலைக்குக் கிடைக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? வேலை இழந்த தொழிலாளியும், பாகம் கிடைக்காத ஓட்டுநரும் ஒரே கை கொடுத்த அடியைத்தான் வாங்கியிருக்கிறார்கள்.

வெள்ளமும் இன்ஷூரன்சும்

2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் கார்கள் மூழ்கிக் கிடந்ததை மறக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அதே கதை. எல்லோரும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் தண்ணீரை அமுக்கப் போனால் கனெக்டிங் ராடு வளையும். பிளாக்கே உடையவும் கூடும். அப்போது இன்ஷூரன்ஸ் கம்பெனி, "வெள்ளத்தால் கெடவில்லை, நீ ஸ்டார்ட் செய்ததால் கெட்டது" என்று கையை விரிக்கும். எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனிப் பிரீமியம் கட்டியிருந்தால்தான் பேச்சு. அடிக்கடி வெள்ளம் வரும் மாவட்டங்களில் அதைச் சாதாரணப் பாலிசியிலேயே சேர்க்கச் சொல்வது அதிகப்படியான கோரிக்கையா?

பிற நாடுகளைப் பாருங்கள்

கியூபாவில் புரட்சிக்குப் பின் அமெரிக்கா 1960ல் வர்த்தகத் தடை போட ஆரம்பித்து, 1962ல் முழுத் தடை விதித்தது. ஓர் உதிரிப் பாகமும் போகக்கூடாது! கியூப மெக்கானிக்குகள் என்ன செய்தார்கள்? பழைய ஷெவர்லே காருக்குள் சோவியத் எஞ்சினை வைத்தார்கள். கிடைக்காத பாகத்தைத் தாங்களே கடைந்தார்கள். 1950களின் கார்கள் ஹவானா வீதிகளில் இன்றும் ஓடுகின்றன. உழைப்பாளியின் கை கட்டப்படாவிட்டால் அது எதைச் சாதிக்கும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

முதலாளித்துவத்தின் தலைநகரமான அமெரிக்காவிலும் மக்கள் சும்மா இல்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012ல் மக்கள் வாக்களித்து, கார் பழுது பார்க்கும் விவரங்களைச் சாதாரணப் பட்டறைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். 2020ல் மறுபடியும் வாக்களித்து அதை விரிவாக்கினார்கள். நூற்றுக்கு சுமார் 75 பேர் ஆதரவு. கம்பெனிகள் அங்கும் கோர்ட்டுக்குத்தான் போயின!

விவசாயத் தொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை

டிராக்டரிலும் பவர் டில்லரிலும் அறுவடை இயந்திரத்திலும் இருப்பதும் இதே எஞ்சின்தான். அறுவடை நேரத்தில் இயந்திரம் நின்றால் நெல் மழையில் முளைக்கிறது. சர்வீஸ் ஆள் வரும்வரை சிறு விவசாயி காத்திருக்கிறான். அவன் இழப்பு கடைசியில் நம் கூலியில் வந்து விழுகிறது. இந்த நாட்டில் நிலம் எடுத்தபோது நிலச் சொந்தக்காரருக்கு நஷ்ட ஈடு என்று ஏதோ கொடுத்தார்கள். அந்த நிலத்தில் காலம் காலமாக நட்டு அறுத்த கூலிக்காரனுக்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. அவன் பிள்ளைக்கு, குறைந்தபட்சம், இந்த எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் தொழிலையாவது சர்க்கார் செலவில் கற்றுக்கொடுக்க வேண்டும்.

நாம் கேட்பது என்ன?

1. அசல் பாகம், விவரப் புத்தகம், ஸ்கேனர் ஆகியவற்றை வெளிப் பட்டறைகளுக்கும் நியாய விலையில் கொடுக்கக் கட்டாயச் சட்டம் வேண்டும்.
2. மாடலை நிறுத்தினாலும், ஆலையை மூடினாலும், கடைசி வண்டி விற்ற நாளிலிருந்து 15 வருஷத்துக்குப் பாகம் கொடுக்கும் பொறுப்பைக் கம்பெனி ஏற்க வேண்டும்.
3. எஞ்சின் பாகங்களுக்கு வரி நூற்றுக்கு 5 ஆக வேண்டும்.
4. சொந்த வண்டி ஓட்டுநர்களுக்கு எஞ்சின் வேலைக்காகக் கூட்டுறவு வங்கியில் குறைந்த வட்டிக் கடன் வேண்டும். வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களுக்குத் தவணையைத் தள்ளிவைக்க வேண்டும்.
5. வெள்ளத்தில் கெட்ட எஞ்சினுக்குச் சாதாரணப் பாலிசியிலேயே இன்ஷூரன்ஸ் வேண்டும்.
6. ஒரகடத்தில் மத்திய சர்க்கார் மக்கள் பணத்தில் கட்டிய வாகன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கும் சர்க்கார் ஐ.டி.ஐ.களிலும் பட்டறைத் தொழிலாளர்களுக்கு மாலை நேரப் பயிற்சி வேண்டும்.

இவை கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். ஆயிலைத் தவணை தப்பாமல் மாற்றுங்கள். சூட்டு முள் ஏறினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பட்டறையில் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். லேத்தில் எடுத்த அளவைக் குறித்து வையுங்கள். பத்து ஓட்டுநர்கள் சேர்ந்து மாதம் ஆளுக்கு 500 ரூபாய் போட்டால் வருஷத்தில் 60,000 ரூபாய். ஒருவர் எஞ்சின் படுத்தால் வட்டிக்கடை வாசலில் நிற்காமல் இருக்க அது ஒரு கைப்பிடி.

தோழர்களே! 2024ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கம் வேண்டும் என்று நின்றார்கள். 2025 ஜனவரியில் அந்தச் சங்கத்தைப் பதிவு செய்ய வைத்தார்கள். உலகம் முழுவதும் கிளை பரப்பிய கம்பெனியும் ஒற்றுமைக்கு முன்னால் இறங்கி வந்தது. அந்த ஆலைக்குள் நின்றவர்களும், அவர்களை வேனில் ஏற்றி வந்தவர்களும், அந்த வேனைப் பழுது பார்த்தவர்களும் ஒரே வர்க்கம். தனித் தனியாகப் பட்டறை வாசலில் நின்று விலை கேட்டால் நாம் வாடிக்கைக்காரர்கள். சேர்ந்து நின்று கேட்டால் நாம் ஒரு சக்தி.

ஊருக்குத் திரும்பியதும் ஒவ்வொரு வேன் ஸ்டாண்டிலும், ஒவ்வொரு பட்டறையிலும், ஒவ்வொரு ஆலை வாசலிலும் இந்த ஆறு கோரிக்கைகளைப் படித்துக் காட்டுங்கள். கையெழுத்து வாங்குங்கள். அந்தக் கையெழுத்துகளோடு மாவட்டக் கலெக்டர் அலுவலகத்துக்கு நாம் ஒன்றாகப் போவோம்.